கரண்ட் போச்சா, பீஸ் போச்சா? நீலகிரிக்குக் குடிவருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மஞ்சூர் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக வீடுகளுக்கு ஒயரிங் வேலை பார்த்து வருகிறேன். கீழேயிருந்து மாற்றலாகி வரும் டீச்சர்கள், நர்சுகள், எஸ்டேட் ஆபீசுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள், புதிதாக வீடு வாங்கி வருபவர்கள் எல்லோரும் முதல் மழைக்காலத்தில் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். பாதிக் கேள்வி கரண்டைப் பற்றி இருக்கும், மீதி ‘கரண்ட்’ என்ற சொல்லைப் பற்றி. இருட்டில் போனை எடுத்து நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதை வைத்துத்தான் வருகிற ஆள் எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று முடிவு செய்வார். அதனால் சொல்லையும் பொருளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

ஊரில் யாருமே ‘மின்சாரம்’ என்று சொல்வதில்லையே, ஏன்?

மின்சாரம் என்பது போர்டிலும் பில்லிலும் பேப்பரிலும் இருக்கிற சொல். வாசல்படி தாண்டி வீட்டுக்குள் வந்தால் அது கரண்ட். ‘நாளை மின்தடை’ என்று பேப்பரில் படித்தவரே, பக்கத்து வீட்டு அக்காவிடம் ‘நாளைக்குக் கரண்ட் இருக்காதாம், மாவை இன்னிக்கே ஆட்டிருங்க’ என்றுதான் சொல்வார்.

கரண்டை நாங்கள் ஓர் ஆளைப் போலத்தான் பேசுகிறோம். அது வரும், போகும், நிற்கும், அடிக்கும், இழுக்கும், பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் மழையில் இருட்டிலேயே கிடந்த லைன் வீடுகளில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், திடீரென்று பல்பு எரிந்தால், முதலில் கேட்பது பிள்ளைகளின் கத்தல்தான்: ‘வந்துருச்ச்சு!’ எது வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மேல் வரிசையில் தொடங்கும் அந்தச் சத்தம் ஒவ்வொரு வரிசையாகக் கீழே இறங்கி வரும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இது இங்கிலீஷ் சொல்தானே? எழுதுவது கரன்ட் என்றா, கரண்ட் என்றா, கரண்டு என்றா?

இங்கிலீஷில் இருந்து வந்ததுதான். அங்கே அதற்கு ஓட்டம் என்று பொருள். ஆற்று நீரோட்டத்துக்கும் அதே சொல். அதன் வேர் லத்தீனில் ‘ஓடுதல்’ என்ற வினை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘மின்னோட்டம்’ என்று படிக்கிறோமே, அதுவே இதற்கு நேரான தமிழ். ‘மின்’ என்ற சொல் மின்னலையும் ஒளியையும் குறித்துச் சங்க காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது.

எழுதும்போது ட-வுக்கு முன்னால் ண் வருவதே தமிழ் நாக்குக்கு இயல்பு. வண்டி, கெண்டை, கரண்ட். அப்புறம் உருபு சேர்ந்தால் அது முழுத் தமிழ்ச் சொல்லாகவே நடக்கும்: கரண்டை, கரண்டுக்கு, கரண்டால், கரண்டில்லாமல். பெரியவர்கள் கடைசியில் உகரம் சேர்த்துக் ‘கரண்டு’ என்பார்கள். இரண்டும் சரி.

கூடலூரிலும் இதே சொல்தானா?

ஆமாம். கூடலூர் கடைவீதியில் கரண்ட் போனால் மூன்று மொழியில் ஒரே சொல் கேட்கும். நாம் ‘கரண்ட் போச்சு’ என்போம், மலையாளம் பேசுபவர் ‘கறண்டு போயி’ என்பார், கன்னடம் பேசுபவர் ‘கரெண்ட் ஹோய்து’ என்பார். வினையும்கூட ஒரே வேர்தான். நம்முடைய ‘போ’ கன்னடத்தில் ‘ஹோ’ ஆனது. தெலுங்கிலும் கரெண்ட்டுதான். வடக்கே போனால் சொல் மாறிவிடும், இந்திக்காரர்கள் ‘பிஜிலி’ என்றோ ‘லைட்’ என்றோ சொல்வார்கள். நம் பக்கமும் அந்த ‘லைட்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘அந்த வீட்டுக்கு இன்னும் லைட் வரலை’ என்றால் இணைப்பே கொடுக்கவில்லை என்று பொருள், பல்பு எரியவில்லை என்று அல்ல.

கனடாவில் இருக்கும் உறவினர் ‘ஹைட்ரோ பில்’ என்கிறாரே, அது தண்ணீர் வரியா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது எமரால்டு பக்கத்து அம்மா ஒருவர். அவர் மகள் டொரண்டோவில் இருக்கிறாள். அது கரண்ட் பில்தான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டுக் கரண்டுக்கே ‘ஹைட்ரோ’ என்று பெயர். 1906-ல் அங்கே அரசாங்கம் நீர்மின்சார ஆணையம் ஒன்றை அமைத்தது. நயாகரா அருவித் தண்ணீரில் எடுத்த கரண்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது அதுதான். அதன் பெயரில் இருந்த ஹைட்ரோ, அதாவது நீர், மக்கள் வாயில் கரண்டுக்கே பெயராகிவிட்டது. கம்பம் ஹைட்ரோ கம்பம், பில் ஹைட்ரோ பில், கரண்ட் போனால் ஹைட்ரோ போச்சு. இன்றைக்கு அந்த மாகாணத்துக் கரண்டில் பாதியளவு அணு உலைகளிலிருந்து வருகிறது. பெயர் மட்டும் தண்ணீரிலேயே நிற்கிறது.

அந்த அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னேன். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் எமரால்டு அணையும் அவலாஞ்சி அணையும் இருக்கிறதே, அந்தக் குந்தா நீர்மின் திட்டமே நாடுகள் ஒன்றுக்கொன்று உதவும் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டு உதவியோடு கட்டப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் முதல் பவர் ஹவுஸ்கள் ஓடத் தொடங்கின. தண்ணீரின் பெயரால் கரண்டை அழைக்கும் நாட்டுக்காரர்கள் வந்து கட்ட உதவிய இடத்தில், தண்ணீரிலேயே கரண்ட் எடுக்கும் நாம் அதை ‘ஓட்டம்’ என்று அழைக்கிறோம். இரண்டு பேரும் ஆற்றைத்தான் சொல்கிறோம் என்றதும் அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

பவர் ஹவுஸ் எல்லாம் இங்கேயே இருக்கிறது. அப்புறம் ஏன் இங்கேயே கரண்ட் போகிறது?

நியாயமான கேள்வி, கோபத்தோடு கேட்டாலும் நியாயம்தான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீலகிரியில் தண்ணீரிலிருந்து கரண்ட் எடுக்கும் பழக்கம் நூறு வருடத்துக்கும் பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டேரி அருவித் தண்ணீரில் எடுத்த கரண்ட் அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போனது. அரசாங்கம் கட்டிய பெரிய பவர் ஹவுஸ் என்றால் பைக்காரா. 1932-ல் ஓடத் தொடங்கியது. சென்னை மாகாண அரசில் இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர் முன்னின்று கொண்டுவந்த திட்டம் அது. கிளன்மார்கன் உச்சியிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் 3000 அடிக்கும் அதிகமாகக் கீழிறங்கி சிங்காராவில் போய் விழுகிறது. அதே தண்ணீர் மறுபடி மாயார் பவர் ஹவுஸுக்குப் போய் இரண்டாம் தடவை வேலை செய்துவிட்டு பவானிசாகரை நோக்கி ஓடுகிறது. குந்தா பக்கமும் அப்படித்தான்: குந்தா பாலம், கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு பவர் ஹவுஸ்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், சிங்காரா அளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீரில் ஒரு யூனிட் எடுக்கச் சுமார் 500 லிட்டர் ஆகும். மொட்டை மாடியில் வைக்கிற சின்டெக்ஸ் தொட்டி ஒன்று நிறைய. உயரம் குறைந்தால் தண்ணீர் அதிகம் வேண்டும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். பவர் ஹவுஸில் எடுத்த கரண்ட் நேராக நம் வீட்டுக்கு வருவதில்லை. அது பெரிய கோபுரங்கள் வழியே கோயம்புத்தூர் பக்கம் இறங்கி மாநிலம் முழுவதும் ஓடும் கரண்டோடு கலந்துவிடுகிறது. பைக்காரா கரண்ட் கோயம்புத்தூர் மில்களை ஓட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். நமக்கு வருவது சப் ஸ்டேஷனிலிருந்து சின்னக் கம்பத்தில் வரும் லைன். அந்த லைன் தேயிலைக் காட்டையும் சோலையையும் பள்ளத்தையும் தாண்டி வருகிறது. போகிற வழியெல்லாம் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்). சீகைக்கு வேர் ஆழம் போகாது. மண் ஊறினால் அப்படியே சாயும். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த வாரம் எங்கள் பக்கம் மரம் விழாத வளைவே இல்லை. பவர் ஹவுஸ் ஓடிக்கொண்டிருந்தாலும், நடுவே ஒரு கிளை இரண்டு கம்பியைச் சேர்த்துப் பிடித்தால் கரண்ட் போனது போனதுதான். அந்தக் கிளை எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று யாராவது டார்ச் அடித்து நடந்து தேட வேண்டும்.

‘கரண்ட் போச்சு’, ‘பீஸ் போச்சு’, ‘பேஸ் போச்சு’. இதெல்லாம் ஒன்றுதானா?

ஒன்றே இல்லை. நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்.

கரண்ட் போச்சு என்றால் ஊருக்கே இல்லை. சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டையும் தெரு விளக்கையும் பாருங்கள்.

பீஸ் போச்சு என்றால் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. பழைய வீடுகளில் மீட்டர் பக்கத்தில் வெள்ளைப் பீங்கானில் ஒரு பீஸ் கட்டை இருக்கும். கிட்காட் என்றும் சொல்வார்கள். அதை இழுத்தால் உள்ளே முடி போல ஒரு மெல்லிய கம்பி இரண்டு ஸ்குரூவுக்கு நடுவே கட்டியிருக்கும். அந்தக் கம்பி உருகியிருந்தால் பீங்கானில் புகை படிந்து கறுப்பாக ஒரு கோடு தெரியும், கருகிய வாசனையும் வரும். அதுதான் பீஸ் போவது. இப்போதைய வீடுகளில் கட்டைக்குப் பதில் ட்ரிப் சுவிட்ச். அதனால் ‘ட்ரிப் ஆயிருச்சு’ என்கிறோம். பல்பு எரிந்து போனாலும் ‘பல்பு பீஸ் போச்சு’ என்றுதான் சொல்வோம். பில் கட்டாமல் விட்டால் ‘பீஸைப் புடுங்கிட்டாங்க’ என்பதும் இந்தக் கட்டையை வைத்து வந்த பேச்சே.

பேஸ் போச்சு என்றால் கதை வேறு. ட்ரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பேஸ், அதாவது கரண்ட் வரும் மூன்று தனிக் கம்பி, வருகிறது. வீடுகளை மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஒன்று போனால் ஒரு வீட்டில் எரியும், அடுத்த வீட்டில் எரியாது. போனில் ‘பீஸ்’ என்பதும் ‘பேஸ்’ என்பதும் ஒன்று போலவே கேட்கும். அதனால் ‘எங்க வரிசையில நாலு வீட்டுல இல்ல, எதிர் வரிசையில இருக்கு’ என்று சொல்லிவிடுங்கள். அதில் குழப்பமே வராது.

டிம்மாக எரிந்தால் கவனம் வேண்டும். ட்ரான்ஸ்பார்மருக்கு மேலே வரும் பெரிய லைனில் ஒன்று அறுந்தால், சில வீடுகளில் நன்றாக எரியும், மற்ற வீடுகளில் பாதி வோல்டேஜ்தான் வரும். ஃபிரிட்ஜ் உறுமும், ஓடாது. உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், மோட்டார் கருகிவிடும்.

இதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்து. பல்பு திடீரென்று கண் கூசும்படி பளிச்சென்று எரிந்தால் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். வழக்கமாக 230 வோல்ட் வரும் வீட்டுக்கு 400 வரைக்கும் ஏறும். யோசிக்கவே வேண்டாம், ஓடிப்போய் மெயினை இறக்குங்கள். அப்புறம் போன் பண்ணலாம்.

பீஸ் கட்டையில் நானே கம்பி கட்டலாமா?

மெயினை இறக்கிவிட்டு, கை காய்ந்திருந்து, சரியான பீஸ் கம்பி இருந்தால் கட்டலாம். ஒயருக்குள் இருக்கும் செம்புக் கம்பியை உருவி மூன்று நான்கு இழையாகச் சுற்றுகிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். அடிக்கடி பீஸ் போகிறதே என்ற எரிச்சலில் செய்வது அது. பீஸ் போவது உங்களைக் காப்பாற்றத்தான். அது போகாவிட்டால் சுவருக்குள் இருக்கும் ஒயர் காயும். பலகைத் தட்டி போட்ட பழைய வீடுகளில் அது தீயில்தான் முடியும்.

‘லைன்’ என்றால் லைன் வீடா, கரண்ட் லைனா?

இரண்டும். எஸ்டேட்டில் வரிசை வீடும் லைன், கம்பியும் லைன். ‘லைன்ல கரண்ட் இல்ல’ என்றால் இரண்டு விதமாகவும் புரியும். ‘ரெண்டாம் நம்பர் லைன் வீட்டுல’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

‘கரண்ட் எடுத்தாச்சா?’ என்றால்?

புது இணைப்பு வாங்கியாச்சா என்று அர்த்தம். ‘கொக்கி போட்டு எடுக்கிறது’ திருட்டு. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

ஃபேனே இல்லாத ஊரில் கரண்ட் பில் எப்படி இவ்வளவு வருகிறது?

உண்மைதான், ஊட்டி, மஞ்சூர் பக்கத்து வீடுகளில் ஃபேன் மாட்டும் கொக்கியே பலருக்குக் கிடையாது. நமக்குச் செலவு வெந்நீரில். 1500 வாட் ஹீட்டர் ராடை தினமும் அரை மணி நேரம் போட்டால் முக்கால் யூனிட், இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். இதுவரை பரவாயில்லை. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் 2000 வாட் ரூம் ஹீட்டரை ராத்திரி இரண்டு மணி நேரம் போட்டால் ஒரு நாளைக்கு 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் ரீடிங் எடுக்கிறார்கள். 2016-லிருந்து வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்த நூறை ரூம் ஹீட்டர் ஒன்றே முதல் மாதத்திலேயே தின்றுவிடும். கம்பளிக்கு மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஹீட்டர் வேண்டும். கதவிடுக்கில் துணி திணித்துவிட்டுப் போடுங்கள், பாதி நேரம் போதும்.

ராடு போட்ட வாளியில் விரலை விட்டுச் சூடு பார்ப்பதை விட்டுவிடுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுத்து, அப்புறம் தொடுங்கள்.

கரண்ட் ‘அடிக்கிறது’ என்பதற்கும் ‘பிடித்துக்கொள்கிறது’ என்பதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டுமே பார்த்தவர்கள் சொன்ன சொற்கள். சில சமயம் ஆளைத் தூக்கி அடிக்கும், அவர் தப்பிப்பார். சில சமயம் கை தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். அதைத்தான் கரண்ட் பிடித்துக்கொண்டது என்கிறோம். அப்படி யாரையாவது பார்த்தால் தொட்டு இழுக்காதீர்கள், உங்களையும் பிடிக்கும். முதலில் மெயினை இறக்குங்கள். வீட்டுக்குள் மெயின் எட்டவில்லை என்றால் காய்ந்த மரக்கட்டையால் கையைத் தட்டி விடுங்கள். மழையில் நனைந்த குச்சி வேண்டாம். வெளியில் லைன் கம்பி அறுந்து விழுந்திருந்தால் குச்சியும் வேண்டாம், பக்கத்தில் போகவே வேண்டாம். தேயிலைச் செடி மேல் விழுந்த கம்பி சத்தமில்லாமல் கிடக்கும், அதில் கரண்ட் இருக்கும்.

புதிதாக வீடு கட்டினால் 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். ஈரச் சுவர் உள்ள மலை வீட்டுக்கு அதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியாது.

‘கரண்ட் வேலி’ போடலாமா? காட்டெருமை தோட்டத்துக்குள் வருகிறது.

சோலார் வேலி வேறு, லைனிலிருந்து நேராக இழுக்கும் கம்பி வேறு. சோலார் வேலியில் பெட்டி ஒன்று நொடிக்கு ஒரு தடவை போலக் கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் அடி கொடுக்கும், பிடித்துக்கொள்ளாது. விலங்கு பயந்து திரும்பிப் போகும். வீட்டுக் கரண்டை வேலிக் கம்பியில் கொடுத்தால் யானையும் சாகும், விறகு பொறுக்க வந்த மனிதரும் சாவார். அது குற்றம், ஜெயிலும் உண்டு. காரட்டுக்காக அப்படிச் செய்ய யாராவது என்னைக் கூப்பிட்டால் நான் அந்தத் தோட்டப் பக்கமே போவதில்லை.

ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம். அதில் என்ன பார்க்க வேண்டும்?

ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டை லைனிலிருந்து பிரித்துவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் கொடுத்தால் கரண்ட் திரும்பி லைனுக்குப் போகும். ட்ரான்ஸ்பார்மரில் ஏறினால் பல ஆயிரம் வோல்ட்டாகிவிடும்.

ஒரு தடவை ஆகஸ்ட் மழையில் லைன்மேன் அண்ணன் ஒருவருக்கு நான் டார்ச் பிடித்தேன். எல்.சி. வாங்கியாச்சு, அதாவது லைனை நிறுத்திவிட்டோம் என்று சப் ஸ்டேஷனில் உறுதி சொல்லியாச்சு. இருந்தும் அவர் கம்பத்தில் கை வைக்கவில்லை. கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடை மூங்கில் கழியில் தூக்கி ஒவ்வொரு கம்பியிலும் மாட்டினார், மாட்டிய பின் அசைத்துப் பார்த்தார். ‘எந்த வீட்டுல எது ஓடுதோ யாருக்குத் தெரியும் தம்பி’ என்றார். மழை அவர் கழுத்து வழியே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து சேஞ்ச் ஓவர் இல்லாத வீட்டில் ஜெனரேட்டர் ஒயரை நான் தொடுவதில்லை.

பிள்ளை பரீட்சையில் ‘கரண்ட்’ என்று எழுதலாமா?

அறிவியல் பரீட்சையில் மின்சாரம், மின்னோட்டம், மின்னழுத்தம் என்று எழுதட்டும். மூன்றும் வேறு வேறு பொருள், கரண்ட் என்ற ஒரே சொல்லில் போட்டால் மார்க் போய்விடும். கட்டுரையில் பாட்டி பேசுவதாக எழுதினால் பாட்டி ‘கரண்டு’ என்றே சொல்லட்டும். எங்கள் பாட்டி வாயில் மின்சாரம் என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை.

கரண்ட் போனால் எங்கே சொல்வது?

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். உங்கள் சர்வீஸ் நம்பரைக் கேட்பார்கள். அப்புறம் உங்கள் வீட்டில் மட்டுமா, வரிசையிலா, ஊருக்கேவா என்பதைச் சொல்லுங்கள். மரம் விழுந்திருந்தால் எந்த வளைவு, எந்தக் கடைக்குப் பக்கம் என்றும் சொல்லுங்கள். சர்வீஸ் நம்பரை மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயிண்டில் எழுதி வையுங்கள். பேனாவில் எழுதினால் இந்தப் பனியில் ஊறி ஒரே வருடத்தில் அழிந்துவிடும்.